அலமாரிக்குள் ஒரு செடி

என்ன, எல்லோரும் நன்றாக இருக்கிறீர்களா? சாப்பாடு, தூக்கம் எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா? முழங்கால் வலிக்காரர்களைத் தனியாக விசாரிக்கிறேன், ஏனென்றால் நானும் அந்தக் கட்சி. ஆனால் நான் சொல்லப்போகிற அந்த ஒரு வாரம் எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை. வலிப்பதற்கு அதை நான் எங்கே சும்மா விட்டேன்? வீட்டில் ஒருவராவது ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தால்தானே! எல்லாம் ஒரு செடியால் வந்தது. பூக்கிற செடிகூட இல்லை. இலை இலையாக விட்டுக்கொண்டே போகுமே, அந்த ரகம். அதைத் துணி அலமாரிக்குள் வைத்து மூடியிருந்தோம். ஏன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் மருமகள் அறிவியல் டீச்சர். நிரந்தர டீச்சர் இல்லை. யாராவது பிரசவத்துக்குப் போனால், யாராவது காலை உடைத்துக்கொண்டால், அந்த இடத்தில் போய் நிற்கிற டீச்சர். இப்படியே பல வருஷம் ஓடிவிட்டது. இப்போது அவள் வேலை பார்க்கிற பள்ளியிலேயே ஓர் இடம் காலியானது. அதை அவளுக்கே தரலாம் என்று பெரிய டீச்சருக்கும் ஆசை. ஆனால் கல்வி அதிகாரி ஒருவர் வந்து வகுப்பின் பின்னால் உட்கார்ந்து, இவள் பாடம் நடத்துவதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டும். ஒரு தடவை வந்தார், ஆட்டவில்லை. இரண்டாவது தடவை வரப்போகிறார். மூன்றாவது என்பது கிடையாது. இதிலும் தேறாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். இவள் மறுபடி யாருக்குக் கால் உடையும் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

முதல் தடவை ஏன் தேறவில்லை தெரியுமா? அவளுக்குத் தெரியாத விஷயமே இல்லை. அதுதான் தொல்லை. "டீச்சர் நிறுத்தாமல் பேசினார். பிள்ளைகள் கொட்டாவி விடத்தான் வாயைத் திறந்தார்கள்" என்று அந்த மனிதர் பெரிய டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

படபடப்பு வந்தால் சிலர் நகம் கடிப்பார்கள். சிலர் எதையாவது எடுத்து மெல்லுவார்கள். இவள் விளக்கம் சொல்வாள். நான் அடுப்பில் இருக்கிற பாத்திரத்தின் மூடியைத் திறந்தால், "பாத்தீங்களா அத்தை, ஆவி மேல போய் மூடியில பட்டுக் குளிர்ந்து, திரும்பத் தண்ணியா சொட்டுது" என்பாள். "தெரியும்மா, என் கையச் சுட்டதும் அதே ஆவிதான்" என்பேன். கதவுக் கீல் கிறீச்சென்றால் இரும்பு எப்படித் துருப்பிடிக்கிறது என்று ஆரம்பிப்பாள். வெங்காயம் நறுக்கினால் கண்ணில் ஏன் நீர் வருகிறது என்று சொல்வதற்குள் எனக்கு வேறு காரணத்துக்காகக் கண்ணீர் வந்துவிடும். என் மகள் அவளுக்கு வைத்த பெயர் ரேடியோ.

இந்தத் தடவை அவள் எடுத்துக்கொண்ட பாடம், இலை எப்படித் தனக்குச் சாப்பாடு செய்துகொள்கிறது என்பது. வெயில் பட்டால் இலை மாவுச்சத்து செய்து வைத்துக்கொள்ளுமாம். அந்த இலையைக் கொதிக்க வைத்து, பச்சை நிறத்தை எடுத்துவிட்டு, மேலே அயோடின் சொட்டு விட்டால் கன்னங்கரேல் என்று நீலம் கலந்த கறுப்பாகும். செடியை இரண்டு நாள் கும்மிருட்டில் வைத்தால் அது சேர்த்து வைத்ததை எல்லாம் தின்று தீர்த்துவிடும். அப்போது அயோடின் விட்டால் கறுக்காது, காவி நிறமாகவே நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அதனால் ஒரே மாதிரி இரண்டு தொட்டிச் செடி. ஒன்று வகுப்பு ஜன்னலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. இன்னொன்றைச் சனிக்கிழமை காலையில் எங்கள் துணி அலமாரிக்குள் வைத்து, கதவு இடுக்கில் பழைய துண்டுகளைத் திணித்தாள். பள்ளியில் வைத்திருக்கலாம்தான். பிள்ளைகள் திறந்து பார்க்காத அலமாரி எந்தப் பள்ளியில் இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. மகன் கப்பல் வேலையில் இருக்கிறான், அதனால் மாணவர்கள் மூன்று பேர்தான்: நான், என் வீட்டுக்காரர், என் மகள். மகள் பக்கத்துத் தெருவில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். வாய் கடையைவிடப் பெரிது.

"அண்ணி, நான் கடைசி பெஞ்ச். நடுவுல பாத்ரூம் போகணும்னு கை தூக்குவேன்."

"தூக்கு. விடமாட்டேன்."

மருமகள் உருளைக்கிழங்கு ஒன்றை வெட்டி, அதன்மேல் அயோடின் ஒரு சொட்டு விட்டாள். பட்ட இடம் கறுத்தது.

"அடப்பாவமே, கெட்டுப்போச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கெடல மாமா. இது ஏன் கறுத்துச்சு? உருளைக்கிழங்குல மாவுச்சத்து இருக்கு, அது அயோடினோட சேர்ந்தா..."

"ரேடியோ ஆரம்பிச்சிடுச்சு" என்றாள் மகள். "அண்ணி, கேள்வி கேட்டா பதில் சொல்ல விடணும்."

"கேட்டேன்ல?"

"கேட்டீங்க. நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள பதிலையும் நீங்களே சொல்லிட்டீங்க. அந்த அதிகாரி மறுபடி கொட்டாவியத்தான் எண்ணப் போறாரு."

மருமகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "எனக்குப் பயமா இருந்தா நிறுத்தத் தெரியலயே, நான் என்ன பண்றது?" என்றாள். மகளே எழுந்து போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள்.

என் வீட்டுக்காரர் மட்டும் அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்மா, உள்ள இருக்கிறதுக்குச் சாப்பாடு?"

"இருக்கிறத சாப்பிடும் மாமா. அது தீரணும்னுதான் உள்ள வெச்சிருக்கோம்."

"தீந்துபோனா?"

"ஒண்ணும் ஆகாது. ரெண்டு நாள் தாங்கும்."

அவர் மேலே பேசவில்லை. பேசாவிட்டால் சம்மதித்துவிட்டார் என்று நினைத்துவிட்டோம். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய எனக்கே அது தோன்றவில்லை, பாருங்கள்.

திங்கட்கிழமை மதியம் வகுப்பு. காலையிலேயே நானும் மருமகளும் ஆட்டோவில் கிளம்பிவிட்டோம். அவள் மடியில் கண்ணாடிச் சாமான் பெட்டி, என் மடியில் ஸ்பிரிட் பாட்டில். இருட்டுச் செடியைக் கம்பளியில் சுற்றி, மதிய மணி அடிப்பதற்குள் கொண்டுவருவது என் வீட்டுக்காரர் பொறுப்பு. வாசலில் நின்று அவள் அவரிடம் அதையே மாற்றி மாற்றிச் சொன்னாள். "சரிம்மா, சரிம்மா" என்று அவரும் மாற்றி மாற்றிச் சொன்னார்.

வழியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. டிரைவர் பிரேக் போட, நாங்கள் இருவரும் முன்னால் போய் முட்டிக்கொண்டோம்.

"பாத்தீங்களா அத்தை! வண்டி நின்னுடுச்சு, நம்ம உடம்பு இன்னும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. இதுதான் நிலைமம். ஓடுற பொருள் ஓடிக்கிட்டே இருக்கத்தான் பாக்கும்..."

"நாய் வந்துச்சும்மா, அதான்" என்றார் டிரைவர் பயந்துபோய்.

பள்ளி வாசல் வரைக்கும் நிலைமம்தான். நிலைமம் என்றால் என்ன என்று எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது. அவள் பேச்சே அதற்கு உதாரணம்.

பள்ளியில் எனக்கு வேலை ஒன்றும் இல்லை. அவள் மேசைமேல் பீக்கரை வலப்பக்கம் வைப்பாள், இடப்பக்கம் மாற்றுவாள், தீப்பெட்டியைத் திறந்து பார்ப்பாள், மூடுவாள். நான் வராந்தாவில் நடப்பேன், கேட்டுக்குப் போவேன், திரும்புவேன். மதியம் நெருங்கியது. அதிகாரியின் கார் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. ஒரு வழியாக மணி அடிக்கிற நேரத்தில் ஆட்டோவிலிருந்து கம்பளி மூட்டையோடு இறங்கினார்.

"ஒரு பொட்டு வெளிச்சம் படல, பாத்துக்க. ஆட்டோக்காரரு பாப்பா தூங்குதான்னு கேட்டாரு. ஆமான்னுட்டேன்."

மூட்டையை வாங்கினேன். வாங்கின கை திடுக்கிட்டது. கம்பளிக்கு உள்ளே கையை விட்டு மண்தொட்டியைத் தொட்டேன். அடுப்பிலிருந்து இறக்கி வைத்து ஆறுகிற பாத்திரம் மாதிரி கதகதவென்று இருந்தது.

"என்னங்க, தொட்டி ஏன் சுடுது?"

"சுடுதா?"

"நம்ம அலமாரி வீட்டுக்கு நடுவுல இருக்கு. அதுல இருக்கிற துணியே சில்லுன்னு இருக்கும். இது சுடுது."

அவர் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் பிரேக் விட்டேன்" என்றார்.

"யாருக்கு?"

"அதுக்குத்தான்."

இங்கே அவரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வேலையில் இருந்த காலம் முழுக்க அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருந்தார். பழமும் மீனும் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்கிற இடம். ஜன்னல் கிடையாது, வெயில் கிடையாது, உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். அங்கே ஒரு விதி. உள்ளே இருப்பவர்களை நடுநடுவே வெளியே அனுப்பி, கொஞ்ச நேரம் வெயிலில் நிற்க வைக்க வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்க மாட்டார்கள். உள்ளே இருந்ததாகவே கணக்கு. இவர் மனசில் அந்த விதி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. செடி சனிக்கிழமையிலிருந்து உள்ளே இருக்கிறது, அதற்கு யாரும் பிரேக் விடவில்லை!

"எவ்வளவு நேரம் வெச்சீங்க?"

"பத்து நிமிஷம்தான். பிரேக்கெல்லாம் உள்ள இருந்த கணக்குலதான சேரும்?"

"பத்து நிமிஷத்துல தொட்டி இப்படிச் சுடுமா?"

"பக்கத்துல உக்காந்தேன். கண்ணு அசந்துட்டேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் பியூன் ஓடி வந்தார். "செடி எங்க? டீச்சர் கேக்குறாங்க, அதிகாரி உள்ள போயாச்சு" என்று மூட்டையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் ஓடினேன். இந்தக் காலை வைத்துக்கொண்டு ஓடினேன் என்றால் நம்புவீர்களா? வகுப்பு வாசலில் பெரிய டீச்சர் நின்றிருந்தார்.

"வாங்கம்மா, ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

பின் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்து பெஞ்சில் அதிகாரி. ஒல்லியான மனிதர், பேனா மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். மருமகள் எங்களைப் பார்த்தாள். நான் கையை ஆட்டி வேண்டாம், வேண்டாம் என்றேன். அவள் வாழ்த்துகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். நான் தலையை ஆட்டினேன். அவள் தன் தலைமுடியைத் தடவிச் சரிசெய்துகொண்டாள். நான் செடியைக் காட்டினேன். அவள் செடியை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தி வைத்தாள்.

பாடம் ஆரம்பித்தது. ரேடியோவும் ஆரம்பித்தது.

வெயில் செடியிலிருந்து ஓர் இலை. இருட்டுச் செடியிலிருந்து ஓர் இலை. அது மாறிவிடாமல் இருக்கக் காம்பில் சிவப்பு நூல். இரண்டையும் கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். பிறகு ஸ்பிரிட்டில் போட்டு, ஸ்பிரிட் பாத்திரத்தைச் சுடுதண்ணீருக்குள் வைத்தாள். "ஏன் நேரா அடுப்புல வெக்கல? ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அதனாலதான்." கேள்வியும் அவளே, பதிலும் அவளே. முன் வரிசையில் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். இலைகளின் பச்சை எல்லாம் ஸ்பிரிட்டில் இறங்கி, இலை வெளுத்துப் போனது. பிள்ளைகள் சத்தமே போடவில்லை. அதிகாரியின் பேனா ஓடிக்கொண்டிருந்தது.

"அவ வேலை போச்சு" என்றேன் என் வீட்டுக்காரர் காதில்.

"எதுக்கு?"

"ரெண்டு இலையும் கறுக்கப் போகுது. உங்க பிரேக்கால."

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். எழுந்து கத்தலாமா என்று எனக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. கத்தினால் அதுவே ஒரு குறையாகிவிடுமே!

"இப்போ பாருங்க. வெயில்ல இருந்த இலை கறுக்கும். நூல் கட்டின இலை கறுக்காது" என்று சொல்லி மருமகள் அயோடின் விட்டாள்.

வெயில் இலை கறுத்தது. பிள்ளைகள் "ஓ" என்றார்கள். நூல் கட்டின இலையில் காவி நிறம் பரவியது, நின்றது. நான் மூச்சைப் பிடித்தேன். பிறகு நடுவிலிருந்து மெதுவாக, மை ஊறுவது போல, கறுத்துக்கொண்டே போய் முழு இலையும் கறுப்பாகிவிட்டது.

மருமகள் வாயைத் திறந்தாள். "இது வந்து... இது எதனாலன்னா..."

அவ்வளவுதான். மேலே வரவில்லை. எதற்கும் விளக்கம் வைத்திருப்பவளுக்கு இதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கையில் சொட்டுக் குழாயோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் என் கால் விரல்களைப் பார்த்தேன்.

"எனக்குத் தெரியல" என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

"நான் கறுக்காதுன்னு சொன்னேன். கறுத்துடுச்சு. ஏன்னு எனக்கே தெரியல. உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரட்டைச் சடை கையைத் தூக்கினாள்.

"நூல் மாறிப் போயிருக்குமா மிஸ்?"

பதில் மருமகளின் உதட்டு வரைக்கும் வந்தது எனக்குத் தெரிந்தது. அதை விழுங்கினாள். "மாறிடுச்சா இல்லையான்னு எப்படிப் பாக்கலாம்?"

"இருட்டுச் செடியில இன்னொரு இலை பறிக்கலாம்!"

பறித்தார்கள். ஒரு பெண் வந்து தானே நூல் கட்டினாள். கொதிக்க வைத்தார்கள். இந்தத் தடவை வகுப்பே மேசையைச் சுற்றி நின்றது. அந்த இலையும் கறுத்தது.

"மருந்து கெட்டுப் போயிருக்கும்" என்றான் ஒருவன். அவன் சட்டைப் பையில் பெரிய மைக்கறை.

"கெட்டிருந்தா எல்லாத்தையும் கறுக்க வெக்கும்டா. சாக்பீஸ்ல விட்டுப் பாரு" என்றாள் கண்ணாடி போட்ட பெண். சாக்பீஸில் விட்டார்கள், காவியாகவே நின்றது. உருளைக்கிழங்கில் விட்டார்கள், கறுத்தது.

"மருந்து நல்லாத்தான் இருக்கு" என்றான் மைக்கறை, ஏதோ அவனே செய்த மருந்து மாதிரி.

கண்ணாடிக்காரி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸ், இது நெசமாவே இருட்டுலதான் இருந்துச்சா?"

"நான் சனிக்கிழமை அலமாரியில வெச்சேன்."

"வெச்சது நீங்க. எடுத்தது யாரு?"

மருமகள் மெதுவாகத் திரும்பிப் பின் பெஞ்சைப் பார்த்தாள். வகுப்பும் திரும்பியது. அதிகாரியும் திரும்பினார். என் வீட்டுக்காரர் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுபது வயசு மனிதர், வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தவர் மாதிரி.

"தாத்தா, செடிய வெளிய வெச்சீங்களா?" கண்ணாடிக்காரிதான்.

"வெச்சேன்மா."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்னு நெனச்சு வெச்சேன்."

"நெனச்சது வேணாம் தாத்தா. நடந்தத சொல்லுங்க."

"தூங்கிட்டேன். அதனால தெரியல."

"தூங்குறதுக்கு முன்னாடி வெயில் உங்க மேல பட்டுச்சா?"

"இல்ல. நான் நாற்காலியில நெழல்ல உக்காந்திருந்தேன். கால் விரல் கிட்ட வெயில் இருந்துச்சு."

"முழிச்சப்ப?"

"மூக்குல சுட்டுச்சு. அதான் முழிச்சேன்."

வகுப்பு சிரித்த சிரிப்பில் ஜன்னலில் இருந்த காக்கா பறந்தது. மைக்கறை ஓடிப்போய் போர்டில் ஒரு வீடு, ஒரு சூரியன், ஒரு நாற்காலி, அதில் குச்சி மாதிரி ஒரு தாத்தா வரைந்தான். வெயில் காலிலிருந்து மூக்குக்கு ஏற எவ்வளவு நேரம் ஆகும் என்று சண்டை வந்தது. கடைசியில், காலை நேரம் முழுக்கச் செடி வெயிலில் இருந்திருக்கிறது என்று தீர்ப்பானது.

"மிஸ்தான் உள்ள வெக்கணும்னு சொன்னாங்கல்ல? எதுக்கு எடுத்தீங்க?" என்றாள் இரட்டைச் சடை.

அவர் கிடங்கைப் பற்றிச் சொன்னார். குளிரில் விரல் மரத்துப்போவது, வெளியே வந்து வெயிலில் நிற்கும்போது காது வலிக்க ஆரம்பிப்பது, நிற்காமல் வேலை செய்த ஒருவர் உள்ளேயே மயங்கி விழுந்தது. பிள்ளைகள் சத்தம் போடாமல் கேட்டார்கள்.

"அலமாரியில குளிராதே தாத்தா."

"குளிராது. ஆனா இருட்டு இருட்டுதானம்மா."

"சரி, மிஸ்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கலையே!" என்றார் அவர். மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை மருமகளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"அப்போ செடி சரியாத்தான் சொல்லுது மிஸ்" என்றாள் கண்ணாடிக்காரி. "நாமதான் அத இருட்டுச் செடின்னு தப்பாச் சொல்லிட்டோம்."

அதிகாரி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"டீச்சர், நீங்க எழுதிக் குடுத்த பாடத்துல இந்தத் தாத்தா இல்லையே?"

"இல்ல சார்."

"முடிவும் நீங்க சொன்ன மாதிரி வரல."

"வரல சார்."

"போன தடவ பிள்ளைங்க வாயே தொறக்கலன்னு எழுதினேன். இந்தத் தடவ மூட முடியலன்னு எழுதணும் போலிருக்கு." அவர் சிரிக்கவில்லை. "ஆனா பாடம் பாதியில நிக்குது. பாதிப் பாடத்துக்கு என்னால கையெழுத்துப் போட முடியாது. வியாழக்கிழமை இதே நேரத்துக்கு வரேன். இருட்டுல இருந்த இலைய எனக்குக் காட்டுங்க. அன்னிக்கும் கறுத்துச்சுன்னா நான் ஒண்ணும் பண்றதுக்கு இல்ல."

அவர் போனதும் செடியை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. தன் அறை அலமாரியில் பூட்டி வைக்கலாம் என்றார் பெரிய டீச்சர். மைக்கறை ஒப்புக்கொள்ளவில்லை.

"அந்தத் தாத்தாவே காவல் இருக்கட்டும் மிஸ். எப்படித் தப்பு நடக்கும்னு அவருக்குத்தான் தெரியும்."

அதற்கு வகுப்பே கை தூக்கியது. மருமகள் அவரைப் பார்த்தாள். "என்ன மாமா, இருப்பீங்களா?" என்றாள். அவள் வேலை அவர் கையில்! அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று சாயங்காலமே செடி அலமாரிக்குள் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும். அவர் அலமாரிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்காருவார். எழுந்து இடுக்கில் இருக்கிற துண்டைத் தட்டிப் பார்ப்பார். மறுபடி உட்காருவார். யார் துணி எடுக்க வந்தாலும், "எதுக்கு? இருக்கிறதக் கட்டிக்கோ" என்பார். ஒரே சேலையை நானும் மாற்றாமல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா, கைதி எப்படி இருக்கான்?"

"உள்ள இருக்கிறவனா, வெளிய இருக்கிறவனா?" என்றார்.

ஒரு தடவை என்னைக் கூப்பிட்டு, "நீ கொஞ்சம் உக்காரு. நான் பிரேக் போயிட்டு வரேன்" என்றார்.

"நீங்க போங்க. அது எங்கயும் போகாது" என்றேன்.

மருமகள்தான் என்னைப் பயமுறுத்தினாள். அவள் பேசவே இல்லை. நான் வேண்டுமென்றே அவள் எதிரில் பாத்திரத்தின் மூடியைத் திறந்தேன். நீர் சொட்டியது. அவள் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கதவைக் கிறீச்சென்று ஆட்டினேன். ம்ஹும். இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது, வியாழக்கிழமை வகுப்பில் ஊமையாக நிற்கப் போகிறாள் என்று எனக்கு உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஒரே ஆட்டோவில் போனோம். கம்பளி மூட்டை அவர் மடியில். நான் உள்ளே கையை விட்டுப் பார்த்தேன். தொட்டி சில்லென்று இருந்தது.

வகுப்பில் மருமகள் இலையைப் பறிக்கவில்லை, பிள்ளைகள் பறித்தார்கள். நெருப்புப் பக்கம் மட்டும் அவள் நின்றுகொண்டாள். "ஏன் நேரா அடுப்புல வெக்கக் கூடாது?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு நிறுத்தினாள்! பதில் நாலு பக்கத்திலிருந்து வந்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இத்தனை நாளும் அவள் வீட்டில் பேசாமல் இருந்தது இதற்குத்தான்; அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

கண்ணாடிக்காரி அயோடின் விட்டாள். வெயில் இலை கறுத்தது. நூல் கட்டின இலை காவியானது. காத்திருந்தோம். இன்னும் காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பிரேக்கும் இல்லாமல் நசுக்கிக்கொண்டிருந்தார். அதிகாரி எழுந்து மேசைக்கு வந்து குனிந்தார். இலை காவியாகவே கிடந்தது.

"ஏன் கறுக்கல?" என்று அவர் மருமகளைக் கேட்டார்.

அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். எல்லாக் கையும் மேலே இருந்தது. இரட்டைச் சடை சொன்னாள், மைக்கறை திருத்தினான், கண்ணாடிக்காரி இருவரையும் திருத்தினாள். அதிகாரி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேனா மூடியை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "இப்பவாச்சும் அத வெளிய விடலாமா?"

"விடலாம் மாமா."

அவர் தொட்டியைத் தூக்கிப் போய் ஜன்னலில், வெயில் செடிக்குப் பக்கத்தில் வைத்தார். பிள்ளைகள் கை தட்டினார்கள். செடிக்கா, அவருக்கா என்று தெரியவில்லை.

திரும்பி வரும்போது அதே இடத்தில் அதே நாய். டிரைவர் பிரேக் போட, மூன்று பேரும் முன்னால் போய் முட்டினோம். நான் மருமகளைப் பார்த்தேன். ஆரம்பிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அத்தை, வண்டி நின்னப்புறமும் நாம ஏன் முன்னாடி போனோம்?" என்றாள்.

"நீயே சொல்லேன்மா. அன்னிக்குச் சொன்னியே."

"மாட்டேன். நீங்க சொல்லுங்க."

"டிரைவர் கண்ணு அசந்துட்டாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

நான் வீடு வரும்வரை யோசித்தேன். அவ்வளவு தடவை கேட்ட விஷயம், சொல்லப் போனால் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள், உதவி செய்யவில்லை.

சரி, என் கதை இருக்கட்டும். உங்கள் வீட்டிலும் நல்லது செய்கிறேன் என்று யாராவது ஒரு காரியத்தைக் கெடுத்திருப்பார்கள், பள்ளிக்கூடத்தில் உங்கள் சோதனையும் ஒரு நாள் சொன்ன பேச்சைக் கேட்காமல் போயிருக்கும். என்ன நடந்தது, யார் பண்ணினார்கள், கடைசியில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். நீளமாகவே எழுதுங்கள். அலமாரி முன்னால் உட்காருகிற வேலை முடிந்துவிட்டதால், என் வீட்டுக்காரருக்கும் வாசித்துக் காட்ட ஏதாவது வேண்டும்.